புதுப்பிப்பு: ஒரே தண்டவாள அமைப்பில் இரண்டு மாதிரி ரயில்கள்

ஒன்றோடொன்று இணைந்த இரு வளையங்களில் இரண்டு எச்ஓ (1:87 அளவு) மாதிரி ரயில்களைத் தனித்தனி வேகத்தில் ஓட்டும் வழியை முன்பு கேட்டிருந்தேன். தண்டவாளத்தைப் பகுதிகளாகப் பிரித்து இரு கன்ட்ரோலர்களோடு (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) இணைக்கலாம் என்று அப்போது கிடைத்த யோசனை நல்லதுதான். ஆனால் ரயில் எல்லையைத் தாண்டும்போதெல்லாம் சுவிட்சையே கவனிக்க வேண்டியிருப்பதால், டிசிசி (டிஜிட்டல் கட்டளைக் கட்டுப்பாடு) முறைக்கு மாறிவிட்டேன். இதில் தண்டவாளம் முழுவதும் எப்போதும் மின்சாரம் இருக்கும். இன்ஜினுக்குள் உள்ள டிகோடர், தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் ஏற்று மோட்டாரை இயக்கும். புதிய டிகோடர்கள் பெரும்பாலும் 3 என்ற எண்ணுடனேயே வருவதால், ஒவ்வொரு இன்ஜினையும் தனித் தண்டவாளத்துண்டில் வைத்து வேறு எண் கொடுத்த பிறகே இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டேன். பழைய கன்ட்ரோலரை மறக்காமல் முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். ரயில் திசை மாறி அதே பாதைக்கே திரும்பிவரும் சுற்றுப்பாதைதான் மீதமிருக்கிறது. அங்கே எதிரெதிர் துருவங்கள் சேர்ந்து ஷார்ட் ஆகாமலிருக்க, அதன் இரு முனைகளிலும் மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் இணைப்பான்கள் போட்டு, துருவத்தைத் தானே மாற்றும் கருவியைப் பொருத்தவிருக்கிறேன்.