லோ கார்ப் சமையல்: எதைச் செய்தாலும் ஒரே ருசி, வழி சொல்லுங்களேன்

மகிழம்பூ:

எல்லோருக்கும் வணக்கம். கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் வீட்டில் மாவுச்சத்தைக் குறைத்துச் சமைக்கிறேன். அவருக்குத் தனி, எங்களுக்குத் தனி என்று இரண்டு சமையல் செய்ய நேரமில்லை. அதனால் இரவில் பிள்ளைகளுக்கும் இதேதான். சர்க்கரை அளவு நன்றாக இறங்கியிருக்கிறது, அதில் குறையே இல்லை. ஆனால் முட்டை, சிக்கன், காலிஃபிளவர், மறுபடியும் முட்டை என்றே ஓடுகிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் பாதியில் எழுந்துவிடுகிறார், அப்புறம் தூங்கப்போகும் நேரத்தில் பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறார். என் கவலையே அதுதான்.

காலிஃபிளவரைத் துருவிச் சோறுபோல வதக்கினால் தண்ணீர் விட்டுக் குழைந்துபோகிறது. பாதாம் மாவு ரொட்டி திருப்பும்போதே துண்டு துண்டாகிவிடுகிறது. முன்பு எல்லோரும் விரும்பிச் சாப்பிட்ட அதே கிரேவி இப்போது உப்புக் கரிக்கிறது, நாலு வாயில் திகட்டுகிறது. அளவு எதையும் மாற்றவில்லை. எங்கே கோளாறு?

அடுப்பங்கரை:

கிரேவியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. சோறோ ரொட்டியோ உருளைக்கிழங்கோ, வயிற்றை நிரப்புவதோடு அதன் வேலை முடிவதில்லை. தட்டில் சப்பென்று ஒன்று இருந்தால்தான் பக்கத்தில் இருப்பதன் உப்பும் காரமும் அளவாகத் தெரியும். நீங்கள் அதை எடுத்துவிட்டீர்கள், ஆனால் கிரேவியை இன்னும் சோற்றுக்குப் பிசையும் அளவிலேயே வைக்கிறீர்கள். கரிக்காமல் என்ன செய்யும்? உப்பையும் காரத்தையும் பாதிக்குக் கொண்டுவாருங்கள். குறைந்தால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

அதோடு, சப்பென்று ஒன்றைத் தட்டில் திரும்ப வையுங்கள். எனக்குப் பிடித்தது முட்டைக்கோஸ். நாடாபோல நீளமாக, மெல்லிசாக அரிந்து, நன்றாகச் சூடான அகலச் சட்டியில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு, உப்பே போடாமல், மூடாமல் மூன்று நான்கு நிமிடம் புரட்டுங்கள். ஓரம் அங்கங்கே பழுப்பாக வேண்டும். ஒரு நாடாவை எடுத்தால் வளைய வேண்டும், கடித்தால் இன்னும் நறுக்கென்று இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, மேலே கிரேவியை ஊற்றுங்கள்.

இன்னொன்று. ஒரே ருசி என்கிறீர்கள். எனக்கென்னவோ ஒரே பதம் என்றுதான் படுகிறது. அவித்த முட்டை, வெந்த சிக்கன், குழைந்த காலிஃபிளவர், எல்லாமே மெத்தென்று இருக்கின்றன. பல்லுக்கு வேலையே இல்லை. தட்டில் மொறுமொறுவென்று ஒன்று, புளிப்பாக ஒன்று, இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். நான்ஸ்டிக் சட்டியில் துருவிய கெட்டி சீஸை மெல்லிசாகப் பரப்பிவிட்டால் உருகிக் குமிழியிடும். குமிழி அடங்கிப் பொன்னிறமானதும் எடுத்து ஆறவிட்டால் அப்படியே மொறுமொறுப்பாகிவிடும். பச்சை வெள்ளரியும் உப்பும் எலுமிச்சையும் இருந்தால் அதுவே போதும்.

தட்டுமுட்டு:

காலிஃபிளவருக்கு நான் சொல்கிறேன். அதில் 100க்கு 92 பங்கு தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை சட்டியில் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வறுத்த வாசனையும் நிறமும் வர 140 டிகிரி பக்கம் வேண்டும். நீங்கள் சட்டி நிறையப் போட்டு மூடியும் வைத்தால் அது ஆவியில் வேகிறது, வதங்குவதில்லை.

மிக்ஸியில் ஓட்டினால் கூழாகிவிடும், கைத் துருவல்தான் நல்லது. துருவியதை ஒரு துணியில் கட்டி நன்றாகப் பிழியுங்கள். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அகலச் சட்டி, பெரிய தீ, ஒரு அடுக்குக்கு மேல் வேண்டாம், அதிகமாக இருந்தால் இரண்டு தடவையாக வதக்குங்கள். உப்பு இறக்கும்போதுதான், முன்னால் போட்டால் இருக்கிற நீரையும் இழுத்து வெளியே விடும். இதே காரணத்தால்தான் காளானும் சொதசொதவென்று ஆகிறது.

சோறுபோல வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஒரு அங்குலப் பலகையாக வெட்டி எண்ணெய் தடவி ஓவனில் 220 டிகிரியில் வைத்தால் அது வேறு காய் என்றே சொல்வார்கள்.

கணக்குப்பிள்ளை:

பாதாம் மாவு உடைவது உங்கள் கைப்பக்குவத்தால் இல்லை. கோதுமையில் இருக்கும் குளூட்டன்தான் மாவைப் பிடித்து வைக்கிறது, பாதாமில் அது கிடையாது. ஒரு கப் பாதாம் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி இசப்கோல் உமி, ஒரு முட்டை, பிசைய வேண்டிய அளவு வெதுவெதுப்பான நீர். பிசைந்து பத்து நிமிடம் விடுங்கள், உமி ஊறிப் பசையாகும். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே தட்டி, சிறு தீயில் போட்டு, ஓரம் காய்ந்து தானாகக் கிளம்பிய பிறகு திருப்புங்கள். தேங்காய் மாவை இதே அளவுக்குப் போட்டுவிடாதீர்கள், அது நீரை மிக அதிகமாக உறிஞ்சும்.

கிரேவி கெட்டியாக முந்திரி அரைத்து விடுகிறீர்களா? 100 கிராம் முந்திரியில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து, நார்ச்சத்து குறைவு. பாதாமில் சுமார் 22 கிராம், அதில் பாதிக்கு மேல் நார்ச்சத்து. பாதாம் விழுதோ கெட்டித் தயிரோ மேல். வெங்காயமும் 100 கிராமுக்கு 9 கிராம் வரை போகும், கிரேவிக்கு நாலைந்து வெங்காயம் வதக்குபவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க: வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28, காலிஃபிளவரில் 5.

உணவைவிட முக்கியமான ஒன்று. உங்கள் கணவர் இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுக்கிறாரா? மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் வைத்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்றால் வேறு ஆபத்து, சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) கூடிவிடலாம். எதுவானாலும் மருந்தை நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். உணவை மாற்றியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. அதே கிரேவியோடு அவர்களுக்குக் கொஞ்சம் சோறு வைத்துவிடுங்கள், தனிச் சமையல் ஆகாது.

மகிழம்பூ:

கணக்குப்பிள்ளை சார், மிக்க நன்றி. அவர் எடுப்பது கிளிமிபிரைடுதான். மருத்துவரிடம் பேசிவிட்டோம், அளவைக் குறைத்து எழுதித் தந்திருக்கிறார். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் எனக்கு இது தோன்றியே இருக்காது.

முட்டைக்கோஸ் மேல் கிரேவி எல்லோருக்கும் பிடித்துவிட்டது. காலிஃபிளவரைப் பிழிந்ததில் ஒரு டம்ளருக்குமேல் தண்ணீர் வந்தது! ரொட்டி இப்போது உடையவில்லை, கொஞ்சம் கனமாக இருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் இரண்டு சந்தேகம். காலையில் முட்டையை விட்டால் வேறு வழி தெரியவில்லை. அப்புறம் அந்த பிஸ்கட்.

தட்டுமுட்டு:

கனத்துக்கு: அடுத்த முறை கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்து, இன்னும் மெல்லிசாகத் தட்டிப் பாருங்கள்.

அடுப்பங்கரை:

முட்டையை விட வேண்டாம் அக்கா, சமைக்கும் விதத்தை மாற்றுங்கள். கெட்டியாகக் கொதிக்கும் தக்காளிச் சாற்றில் குழி பறித்து முட்டையை உடைத்து ஊற்றி மூடினால் ஒரு நாள் ஆயிற்று. மெல்லிய ஆம்லெட்டைச் சுருட்டி நாடாவாக அரிந்து சிக்கன் சூப்பில் போட்டால் இன்னொரு நாள். பசலைக்கீரையும் சீஸும் நிறைய, முட்டை கொஞ்சமாகச் சேர்த்து ஓவனில் வைத்தால் மறுநாளும் ஆறிய துண்டாகச் சாப்பிடலாம். முட்டையே வேண்டாம் என்றால் கெட்டித் தயிரில் வறுத்த விதைகளும் உப்பும் மிளகும். தினமும் புதுப்பொருள் தேடி அலையாதீர்கள். புளிப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். இன்று எலுமிச்சை, நாளை தயிர், அடுத்து வினிகர், அப்புறம் தக்காளி. அதே சிக்கன் நாலு சமையலாகிவிடும்.

பிஸ்கட்டைப் பற்றி: சோற்றை எடுத்தபோது அந்த இடத்தை எதனால் நிரப்பினீர்கள்? சிக்கனும் காயும் பழைய அளவிலேயே இருந்தால் அவர் பசியோடுதான் தூங்கப்போகிறார். அவர் தட்டில் இறைச்சியோ மீனோ இன்னொரு துண்டு, காய் இரண்டு பங்கு, வெண்ணெயோ எண்ணெயோ ஒரு கரண்டி கூடுதலாக வையுங்கள். அதற்குப் பிறகும் கை டப்பாவைத் தேடினால் அந்த டப்பாவில் உப்பு போட்டு வறுத்த பாதாமை வைத்துவிடுங்கள். ஒரு கைப்பிடி போதும். மருந்து அளவு இப்போதுதான் மாறியிருப்பதால், இரவில் நடுக்கமோ வியர்வையோ இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். இருந்தால் பாதாம் உதவாது. உடனே சர்க்கரையைப் பரிசோதித்து, தாழ்ந்திருந்தால் குளூக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.