புதுப்பிப்பு: பாராதைராய்டு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பிறகு

பாராதைராய்டு என்பது கழுத்தில் இருந்துகொண்டு இரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் குட்டிச் சுரப்பி; அது அளவுக்கு மீறி வேலை செய்து கால்சியம் ஏறினால் ஆபரேஷனில் எடுப்பார்கள். முன்பு போட்ட பதிவு அதன் ஸ்கேன், ஆபரேஷன் பற்றியது. சுரப்பியை எடுத்த 10 நிமிடத்தில் பி.டி.எச். (அந்தச் சுரப்பி விடும் ஹார்மோன்) அளவு பாதிக்கும் கீழே இறங்கினால், கெட்ட சுரப்பி வெளியே வந்துவிட்டது என்று பொருள் என்பதோடு அது நின்றது. கோலாலம்பூர், பினாங்கிலிருந்து கேட்டவர்களுக்கு மிச்சம் இங்கே.

இரத்தக் கால்சியம் ஆபரேஷன் அன்றே முழுதாக இறங்கிவிடாது. 2 முதல் 4 நாளுக்குள்தான் அடிமட்டத்துக்குப் போகும். பல நாள் பட்டினி கிடந்த எலும்பு இரத்தத்திலுள்ள கால்சியத்தை வாரி இழுத்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு வந்தால் டாக்டர் சொல்லிவைத்த கூடுதல் கால்சியம் மாத்திரையைப் போடுங்கள். அடங்கவில்லை, கை இழுத்துப் பிடிக்கிறது என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு. மாத்திரை போட்டும் ஏறாவிட்டால் மெக்னீசியம் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவாக இருந்தால் கால்சியம் நிமிராது.

கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், அதற்கு வயிற்று அமிலம் தேவை. கேஸ்ட்ரிக்குக்கு ஒமெப்ரசோல் (அமிலத்தைக் குறைக்கும் மருந்து) எடுப்பவர்கள் கால்சியம் சிட்ரேட் வகை கேட்கலாம். தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். நம்மவர்கள் இரண்டையும் காலைத் தே தாரிக்கோடு (பால் தேநீர்) சேர்த்தே விழுங்குவார்கள், அதுதான் வம்பு.

இரத்த ரிப்போர்ட்டில் ஆல்புமின் என்ற புரதத்தையும் பாருங்கள். அது லிட்டருக்கு 40 கிராமுக்குக் கீழே போகும் ஒவ்வொரு கிராமுக்கும், ரிப்போர்ட்டில் உள்ள கால்சியத்தோடு லிட்டருக்கு 0.02 மில்லிமோல் கூட்டிக்கொள்ளுங்கள்.

கால்சியம் சரியாக இருந்து பி.டி.எச். மட்டும் கூடியிருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் வைட்டமின் டி குறைவு. குணமா இல்லையா என்பதை ஆபரேஷனுக்குப் பிறகு 6-ஆம் மாதக் கால்சியம்தான் சொல்லும்.