ஹேலோஃபெராக்ஸில் அமைலேஸ் வெளியே வரவில்லை, எங்கே தவறு?

கேள்வி:
ஹேலோஃபெராக்ஸ் வோல்கானி என்ற உப்பு விரும்பும் ஆர்க்கியாவில் (பாக்டீரியா போலத் தெரியும் தனி வகை நுண்ணுயிரி), நாட்ரோனோகாக்கஸ் என்ற இன்னொரு உப்பு விரும்பியின் ஆல்ஃபா அமைலேஸ் (ஸ்டார்ச்சைச் சிதைக்கும் என்சைம்) மரபணுவை வைத்திருக்கிறேன். புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்பச் சொல்லும் அதன் சொந்த சிக்னல் பெப்டைடை எடுத்துவிட்டு, ஈ. கோலை பாக்டீரியாவில் எனக்கு நன்றாக வேலை செய்த ஒரு செக் வழி (புரதத்தைச் சவ்வு தாண்டிக் கடத்தும் ஒரு பாதை) சிக்னலை ஒட்டினேன். ஸ்டார்ச் தட்டில் வளர்த்து அயோடின் ஊற்றினால் தட்டு முழுக்கக் கருநீலம்தான். ஸ்டார்ச் சிதைந்தால் காலனியைச் சுற்றித் தெரிய வேண்டிய வெளிறிய வளையமே இல்லை. செல்லை உடைத்து டிரிஸ் பஃபரில் பார்த்தேன், அங்கேயும் ஒன்றும் இல்லை. பிளாஸ்மிட் வரிசை சரியாகவே இருக்கிறது. மூன்று வாரமாக இதிலேயே நிற்கிறேன்.

பதில்:
பஃபரில் உப்பு எவ்வளவு?

கேட்டவர்:
50 மில்லிமோலார் டிரிஸ் மட்டும். உப்பு போடவில்லை.

பதில்:
அப்படியானால் ‘உள்ளே இல்லை’ என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். இந்த உயிரி செல்லுக்குள் பொட்டாசியம் குளோரைடை மோலார் கணக்கில் சேர்த்து வைத்திருக்கும். உப்பு விரும்பிகளின் புரதங்களுக்கு மேற்பரப்பில் அமிலத் தன்மையுள்ள அமினோ அமிலங்கள் அதிகம். உப்பு குறைந்தால் மடிப்பு குலைந்துபோகும். 2.5 மோலார் சோடியம் குளோரைடு சேர்த்து மறுபடி பாருங்கள். செல்லைக் கழுவும்போதும் உப்பு வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவினால் செல் வெடித்து, உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்ததுபோல் காட்டிவிடும்.

இன்னொருவர்:
எனக்கு சிக்னல் மேல்தான் சந்தேகம். செக் வழி, புரதத்தை மடியாத நூலாகவே கடத்தும். டாட் என்ற இன்னொரு வழி, மடிந்த புரதத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகும். உப்பு விரும்பும் ஆர்க்கியாக்களில் வெளியே போகும் புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கு டாட் சிக்னல்தான் என்று 2002-இலேயே மரபணுத்தொகுதி ஆய்வில் தெரிந்தது. உப்பு மிகுந்த சூழலில் புரதம் சீக்கிரம் மடிந்துவிடுவதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். வோல்கானிக்கு டாட் இல்லாமல் உயிரே இல்லை. செக்கும் இருக்கிறது, மேலுறைக் கிளைக்கோபுரதம் அந்த வழியில்தான் போகிறது. ஆனால் உங்கள் அமைலேஸ் டாட் வழிக்காரர். அதன் சொந்த சிக்னலில் டாட் வழியின் அடையாளமாக அடுத்தடுத்து இரண்டு ஆர்ஜினின் (ஓர் அமினோ அமிலம்) இருக்கும், பாருங்கள். அதைத் திரும்ப ஒட்டுங்கள். கூடவே அந்த இரண்டையும் லைசின் என்ற வேறு அமினோ அமிலமாக மாற்றிய ஒரு வடிவத்தையும் கட்டுங்கள், ஒப்பிட உதவும்.

கேட்டவர்:
உப்பு பஃபரில் பார்த்தேன்: செல்லுக்குள் என்சைம் நன்றாகவே இருந்திருக்கிறது! அப்புறம் பழைய சிக்னலைத் திரும்பப் போட்டேன். இன்று காலை அயோடின் ஊற்றியதும் காலனிகளைச் சுற்றித் தெளிவான வளையம். லைசின் வடிவத்தில் வளையம் இல்லை, தட்டு கருநீலமாகவே நின்றது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.