கார் ஷோரூமுக்கு கூகுள் விளம்பர ஏஜென்சி: எதைப் பார்த்து எடுக்கணும்?

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் புதுக் கார் ஷோரூம். மூணு கொட்டேஷன் வந்திருக்கு. எல்லாருமே "மாசம் இத்தனை லீட் (கார் வாங்க விசாரிப்பவர்) கேரண்டி" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: கேரண்டியை விடுங்க சார். கூகுள் ஆட்ஸ் கணக்கு உங்க பேரில் இருக்கணும். ஏஜென்சி அவங்க மேனேஜர் கணக்கு (பல வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே இடத்தில் பார்த்துக்கிற கணக்கு) வழியா இணையட்டும். இல்லன்னா ஏஜென்சி மாறும்போது பழைய டேட்டா மொத்தமும் போச்சு.

பதில்: சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட் கேளுங்க, மக்கள் என்ன தேடினப்போ உங்க விளம்பரம் வந்ததுன்னு அதில் தெரியும். 'செகண்ட் ஹேண்ட்', 'சர்வீஸ் சென்டர் நம்பர்', 'வேலை' எல்லாம் நெகட்டிவ் கீவேர்டில் (விளம்பரம் வரக் கூடாத தேடல் சொற்கள்) இல்லைன்னா காசு கரிதான். லொகேஷன் டீஃபால்ட்டில் விட்டா, ஊரில் இருக்கிறவரோடு ஊர்மேல் 'ஆர்வம்' உள்ளவருக்கும் விளம்பரம் போகும். சென்னையில் உட்கார்ந்து பெங்களூரு விலை தேடுபவரின் க்ளிக்குக்கும் பணம் உங்களுதுதான்.

பதில்: விளம்பரம் பார்த்து வர்ற போன் காலில் எத்தனை வினாடி பேசினா லீடுன்னு கணக்கு? 5 வினாடின்னு வெச்சா ராங் நம்பரும் லீடுதான், 60 வையுங்க. அப்புறம், 18% ஜிஎஸ்டி கொட்டேஷனுக்கு உள்ளேயா வெளியேயா?