குழாயை மாற்றினேன், அமீன் மட்டும் நகர்ந்துவிட்டது

அமிட்ரிப்டிலின் என்ற மருந்தை (இது ஒரு அமீன், அதாவது நைட்ரஜன் உள்ள காரப் பொருள்) திரவ நிறப்பிரிகையில் (எச்.பி.எல்.சி.) அளக்கும் முறை ஒன்று எங்களிடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பி.எச். 7 பாஸ்பேட் பஃபர், மெத்தனால், சி18 பிரிகைக் குழாய் (18 கார்பன் சங்கிலிகள் ஒட்டிய சிலிக்காத் துகள்கள் நிரம்பியது). குழாய் தேய்ந்ததும் அதே நீளம், அதே 5 மைக்ரான் துகள், ஆனால் வேறு தயாரிப்பில் ஒன்றைப் போட்டேன். 9 நிமிடத்தில் வந்த மருந்தின் பீக் (வரைபடத்தில் எழும் முகடு) 14-க்குப் போனது, நீண்ட வாலோடு. பம்பைச் சோதித்தேன், பஃபரை இரண்டு முறை புதிதாகக் கலந்தேன். இரண்டு நாள் போயிற்று.

கூடவே செலுத்திய டொலுயீன் என்ற நடுநிலைப் பொருள் பழைய இடத்திலேயே நின்றதை அப்புறம்தான் கவனித்தேன். பம்போ கலவையோ கெட்டிருந்தால் அதுவும் நகர்ந்திருக்குமே! சி18 சங்கிலிகள் சிலிக்காவை முழுக்க மூடுவதில்லை. இடையிடையே சிலனால்கள் (சிலிக்காப் பரப்பின் Si–OH தொகுதிகள்) மிஞ்சுகின்றன. பி.எச். 7-இல் அவற்றில் பல எதிர்மின்சுமையோடு இருக்கும். அமிட்ரிப்டிலினின் பி.கே.ஏ. (அதில் பாதி நேர்மின்சுமையோடு இருக்கும் பி.எச்.) சுமார் 9.4, அதனால் பி.எச். 7-இல் அது நேர்மின்சுமையோடு வந்து அங்கே ஒட்டிக்கொள்கிறது. டொலுயீனுக்குச் சிலனால் ஒரு பொருட்டே இல்லை.

பி.எச். 2.7-க்கு இறக்கினேன். வால் சுருங்கியது, ஆனால் பீக் முன்னால் வந்து ஒரு மாசோடு கலந்துவிட்டது. கடைசியில் உலோக மாசு குறைந்த சிலிக்காவில் நன்றாக எண்ட்கேப்பிங் செய்த (மிஞ்சிய சிலனால்களைச் சிறு தொகுதிகளால் மூடிய) குழாய்தான் கைகொடுத்தது. இப்போதெல்லாம் புதுக் குழாய் எதுவானாலும் முதலில் ஒரு நடுநிலைப் பொருளையும் ஒரு அமீனையும் சேர்த்து ஓட்டிவிடுகிறேன்.

*

இன்னொரு முறை என்னைப் படுத்தியது தண்ணீர். முனைவுத்தன்மை மிக்க ஒரு சிறு அமிலத்தைப் பிடித்து நிறுத்த, சாதாரண சி18-இல் கரிமக் கரைப்பானே சேர்க்காமல் வெறும் பஃபரை ஓட்டினேன். காலையில் எல்லாம் சரி. பம்பை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால், அமிலம் பிடிபடாமல் கரைப்பானோடேயே வெளியேறியது. அழுத்தம் இறங்கியதும் நீர்வெறுக்கும் நுண்துளைகளிலிருந்து தண்ணீர் வெளியேறியிருந்தது. பரப்பின் பெரும்பகுதி அந்தத் துளைகளுக்குள்தானே இருக்கிறது! பாதிக்கு மேல் மெத்தனால் கலந்து கழுவியதும் பழையபடி பிடித்தது. பிறகு தண்ணீரை ஈர்க்கும் முனைவுத் தொகுதி பொதிந்த சங்கிலி உள்ள குழாய்க்கு மாறினேன். அது இப்படிக் காலை வாரியதில்லை.

*

ஃபீனைல் குழாய் (பென்சீன் வளையங்கள் ஒட்டியது) வாங்கியும் பலனில்லை என்பவர்களுக்கு ஒன்று. இரண்டு அரோமாட்டிக் இடமாற்றியங்கள் (தொகுதி ஒட்டிய இடம் மட்டும் வேறான வளைய மூலக்கூறுகள்) சி18-இல் பிரியவில்லை என்று ஃபீனைலுக்கு மாறினேன். அதிலும் ஒன்றன்மேல் ஒன்றாகவே வந்தன. காரணம் நான் கரைப்பானாகச் சேர்த்த அசிட்டோநைட்ரைல். அதன் பை எலக்ட்ரான்கள் ஃபீனைல் வளையத்தோடு போட்டி போட்டு, நான் எதிர்பார்த்த ஈர்ப்பை மங்கவைத்தன. மெத்தனாலுக்கு மாறிய முதல் ஓட்டத்திலேயே அடிக்கோடு வரை முழுமையாகப் பிரிந்தன.