லியுபோ ஆட்டத்தின் விதிகள் நமக்குத் தெரியுமா, தெரியாதா?

கருங்காய்:
ஹான் காலச் சீனாவில் (கி.மு. 206 – கி.பி. 220) அரண்மனை வரை ஆடப்பட்ட லியுபோ என்ற பலகை ஆட்டத்தை இன்னமும் ‘விதி தொலைந்த ஆட்டம்’ என்றே எழுதுகிறார்கள். தொலையவில்லை என்பது என் கட்சி. லியேஸி என்ற பழைய தாவோ நூலின் உரையிலேயே ஆடும் முறை வருகிறது. ஆளுக்கு ஆறு காய். பலகை நடுவில் ‘நீர்’, அதில் இரண்டு ‘மீன்’. பகடை உருட்டி உருட்டிக் காய் நகர்த்த வேண்டும். உரிய இடத்தை அடைந்த காயை நிமிர்த்தி வைப்பார்கள், அது நீருக்குள் போய் மீனைத் தின்னும். மீனை ‘இழுப்பது’ என்றும் இதற்குப் பெயர். ஒரு மீனை இழுத்தால் புள்ளிக் கணக்குக்கு இரண்டு எண்ணுகோல், ஆறு சேர்ந்தால் பெருவெற்றி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆறுகோல்:
காய் எந்த வழியாகப் போகும் என்று தெரிய வேண்டும்! பலகை ஓரத்தில் கிடக்கும் அந்த மடக்குக் கோடுகளைப் பற்றி நீங்கள் சொன்ன முறையில் ஒன்றும் இல்லையே.

அப்புறம், சாங்ஷா நகரின் மாவாங்துய் 3ஆம் கல்லறையைப் பாருங்கள். கி.மு. 168இல் மூடியது. அரக்குப் பெட்டியில் முழு செட்டே கிடைத்தது. தந்தத்தில் பெரிய காய் 12, அது உரையோடு ஒத்துப்போகிறது, சரி. கூடவே சின்னக் காய் 20 இருக்கிறதே, அவை எதற்கு? பகடைக்குப் பதினெட்டு முகம்: பதினாறில் எண்கள், மிச்சம் இரண்டில் எழுத்து. உரை சொல்லும் பகடைக்கோ நான்கு பக்கம்தான் குறி.

கருங்காய்:
ஹெனானில் லிங்பாவ் அருகே ஒரு கல்லறையில் கிடைத்த பச்சை மெருகுப் பொம்மைகளை மறந்துவிட்டீர்கள். இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பகடைபோல எறியும் ஆறு கோல், மறுபக்கம் பலகை. அதில் ஆளுக்கு ஆறு காய், நடுவில் வட்டமாக இரண்டு. மீன் இல்லாமல் வேறென்ன அது?

ஆறுகோல்:
மீன்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கிழக்கு ஹான் காலம், அதாவது கி.பி. 25–220. மாவாங்துய்க்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டாவது பிந்தியது. இரண்டு காலத்து ஆட்டங்களை ஒட்டுப்போட்டு ஒரே விதி என்கிறீர்கள். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் யான் ஜிதுய் என்ற அறிஞர் இந்த ‘போ’ ஆட்டத்தைப் பற்றி என்ன எழுதினார்? பெரிய போவுக்கு ஆறு கோல், சின்ன போவுக்கு இரண்டு பகடை, இப்போது தெரிந்தவர் யாருமில்லை என்று. அவருக்கே எட்டாதது நமக்கு எட்டிவிட்டதா?

பழஞ்சுவடி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். வழி விஷயத்தில் ஆறுகோல் ஐயா சொல்வது பழைய கதை. 1993இல் ஜியாங்சூ மாநிலத்து யின்வான் 6ஆம் கல்லறையில் ஒரு மரப்பலகை கிடைத்தது. அதில் லியுபோ பலகையை வரைந்து, கோடுகள் நெடுக, சீன நாட்காட்டியின் அறுபது நாள் சுழற்சியில் வரும் பெயர்களை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். குறி பார்ப்பதற்காக. கீழே பலகையின் ஒன்பது இடங்களுக்கான பெயர்கள். ஷூ போச்சாங் என்ற லியுபோ கில்லாடி கட்டியதாகச் சொல்லப்படும் வாய்பாட்டில் வருபவையும் ஏறத்தாழ இவைதான். தலைநகர்ப் பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் அதை மனப்பாடமாகச் சொன்னார்களாம்.

ஆறுகோல்:
நாள் அந்த வழியில் ஓடியது. காயும் ஓடியது என்பதற்கு என்ன ஆதாரம்?

பழஞ்சுவடி:
நான்சாங் நகரில் ஹாய்ஹுன் கோமகன் லியு ஹவின் கல்லறையைப் பாருங்கள். ஆள் இறந்தது கி.மு. 59. அங்கே கிடைத்த மூங்கில் ஏடுகளில் ஆட்டக் குறிப்புகளே இருக்கின்றன. இரு தரப்புக்கும் ‘நீலம்’, ‘வெள்ளை’ என்று பெயர். எந்தக் காய் எந்த இடத்தில் விழுந்தது என்று வரிசையாக எழுதி, முடிவில் ‘நீலம் வெல்லவில்லை’ அல்லது ‘வெள்ளை வெல்லவில்லை’ என்று தீர்ப்பு. யின்வான் பலகை இதற்கு ஐம்பது ஆண்டு பிந்தியதுதான். இதை ஒட்டுப்போட்டது என்று சொல்ல முடியாது.

கருங்காய்:
அப்படிப் போடுங்கள்! வழித் தகராறில்தானே பட்டத்து இளவரசர் லியு சீ, வூ நாட்டு இளவரசனைப் பலகையாலேயே அடித்துக் கொன்றார். பிறகு ஜிங் பேரரசர் ஆனவர் அவர்தான். வழி என்று ஒன்று இல்லாமலா தகராறு?

ஆறுகோல்:
வழியை விட்டுக்கொடுக்கிறேன், பலகையைக் கீழே வையுங்கள். ஆனால் ஆட்டக் குறிப்பு வேறு, விதி வேறு. ஹாய்ஹுன் ஏடுகளை வைத்து கி.மு. முதல் நூற்றாண்டு ஆட்டத்தை மீட்கிறேன் என்றால் கேட்டுக்கொள்கிறேன். அதிலே லிங்பாவ் மீனைக் கொண்டுவந்து விட்டால் மறுபடி சண்டைக்கு வருவேன்.