நீலகிரிக் காட்டுப்புறாவைத் தொடர்ந்து கவனித்தவர்களின் உதவி தேவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி அருகிலுள்ள லாங்வுட் சோலையின் ஓரமாக இரண்டு வாரங்களாக அதிகாலையில் நடந்துவரும் நான், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலகிரிக் காட்டுப்புறாவை மூன்று முறைதான் கண்டேன். மூன்று முறையும் அது கிளைகளுக்கிடையே இறக்கை படபடக்க மறைந்துவிட்டது. பின்கழுத்தில் சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்களை ஒருமுறை தெளிவாகப் பார்த்ததால், இனத்தைப் பற்றி எனக்கு ஐயமில்லை.

பழங்களையே பெரிதும் நம்பி வாழும் பறவை என்பதால், அதைத் துரத்துவதைவிடப் பழுத்த மரத்தடியில் அசையாமல் காத்திருப்பதே சரியெனத் தோன்றுகிறது. இலவங்கப்பட்டை மரத்தின் உறவான சோலை மரங்களின் பழங்களை அது விரும்பி உண்ணும் என்று அறிவேன். ஆனால் அவற்றுள் எந்த மரம் எந்த மாதத்தில் பழுக்கும், அம்மரங்களுக்கு உள்ளூர் மக்கள் வழங்கும் பெயர்கள் என்ன என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். உதிர்ந்த பழங்களையும் நத்தைகளையும் பொறுக்க அது தரையிறங்கும் நேரத்தைக் கவனித்தவர்கள் இருந்தால், அதையும் எழுதுங்கள்.

ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டு அழைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டையிடும், அழிவாய்ப்புள்ள இனம் அது. கூடு தென்பட்டால் எவ்வளவு தொலைவில் விலகி நிற்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.